பிளேட் வைக்கணுமா டாக்டர்?

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில் எலும்பு முறிவு மருத்துவராக இருக்கும் ஒருவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காறை எலும்பு உடைந்து வருகிறவரின் எக்ஸ்ரேயைக் கடைசியில்தான் கையில் எடுப்பார். முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்ப்பார். என்ன வேலை, எந்தக் கைப்பழக்கம், பீடி சிகரெட் உண்டா, சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் தூக்கி வளர்க்கிற வயதில் குழந்தை இருக்கிறதா என்று கேட்பார். அதன் பிறகுதான் படம்.

இப்போதெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்கேன் சென்டரிலிருந்து படம் நேராக மகனின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. நோயாளி மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்குள் அது துபாயில் இருக்கும் மாமா வரை போய், ‘உடனே ஆபரேஷன் பண்ணச் சொல்லு’ என்று பதிலும் வந்துவிடுகிறது. மாமாவையும் குறை சொல்ல முடியாது. உடைந்த காறை எலும்பின் படம் பார்ப்பவரைப் பதற வைக்கும். ஒரு துண்டு மேலே தூக்கி நிற்கும், இன்னொரு துண்டு கீழே தொங்கும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இது எப்படித் தானாகச் சேரும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

படம் அப்படி இருப்பதற்குக் காரணம் உடம்பின் அமைப்பு. கழுத்துக்குக் கீழே விரலை வைத்தால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் எலும்பு இது. மார்பெலும்பில் தொடங்கி, இரண்டு இடத்தில் மெல்ல வளைந்து, தோள் முனையில் முடிகிறது. கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது இது ஒன்றுதான். மற்ற இணைப்பெல்லாம் தசை. கருவில் முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவதும் இதுவே, முழு வளர்ச்சி பெறுவதில் கடைசி எலும்பும் இதுவே. உள்முனை மூடுவதற்கு இருபது வயது தாண்ட வேண்டும். நடுப்பகுதி மெலிந்தது, அங்கே தசைப் பாதுகாப்பும் குறைவு. அதனால் காறை எலும்பு முறிவுகளில் பத்தில் ஏறக்குறைய எட்டு நடுவில்தான் நேர்கின்றன. உடைந்ததும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கிறது. கையின் கனம் வெளித்துண்டைக் கீழே இழுக்கிறது. எந்தக் கட்டுப் போட்டாலும் இந்த இழுபறியை வெளியிலிருந்து நிறுத்த முடியாது.

அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வாகனத்திலிருந்து தோள்பட்டை அடிபட விழுந்தவர்கள். வளைவில் கிடந்த மணல், குறுக்கே ஓடிய நாய், வெள்ளை அடிக்காத வேகத்தடை, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் சேலை என்று காரணங்கள் மாறிக்கொண்டிருக்கும். பொங்கலை ஒட்டிக் கபடிப் பையன்கள் வருவார்கள். எப்போதாவது பிறந்து சில நாளே ஆன குழந்தையையும் கொண்டுவருவார்கள். பிரசவத்தின்போது அதிகம் உடைகிற எலும்பும் இதுதான். அந்தத் தாய்க்கு அவர் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கையைச் சட்டையோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். சரியாகிவிடவும் செய்கிறது.

பெரியவர்களிடம் கதை இவ்வளவு எளிதல்ல.

முதலில் அவர் தேடுவது ஆபத்தை. உடைந்த முனை தோலை உள்ளிருந்து குத்தித் தூக்கியிருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுப்பார். வெளுத்த தோல் உடனே சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுத்தே நின்றால், தோல் சில நாளில் கிழிந்து எலும்பு வெளியே வரலாம். பிறகு மணிக்கட்டில் நாடி, விரல்களில் உணர்வு, மூச்சு. காறை எலும்புக்கு நேர் கீழேதான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் போகின்றன. அதற்கும் கீழே நுரையீரலின் உச்சி. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர் ராபர்ட் பீல் 1850இல் குதிரையிலிருந்து விழுந்து மூன்றே நாளில் இறந்தார். உடைந்த காறை எலும்பு அடியிலிருந்த ரத்தக் குழாயைக் கிழித்ததே காரணம் என்று மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், ரத்தக் குழாயோ நரம்போ அடிபட்டால், உள்முனை பின்னால் நழுவி மூச்சுக்குழாயை அழுத்தினால் அங்கே யோசிக்க நேரமில்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் மிகச் சிலர். எஞ்சிய பெரும்பான்மையோருக்கு முடிவெடுக்க ஓரிரு வாரம் இருக்கிறது. இதைப் புரியவைக்கத்தான் அவர் அதிகம் மெனக்கெடுகிறார்.

அவர் படித்த காலத்தில் பாடம் தெளிவாக இருந்தது: தொங்கல் கட்டு போடு, வீட்டுக்கு அனுப்பு. அந்தப் பாடத்துக்கு ஆதாரமாக இருந்தவை அமெரிக்க மருத்துவர்களின் இரண்டு பழைய கட்டுரைகள். 1960இல் சார்லஸ் நீர் எழுதியதில், அறுவை செய்யாமல் விட்ட 2235 முறிவுகளில் கூடாமல் போனவை மூன்றே மூன்று. 1968இல் கார்ட்டர் ரோவும் ஏறக்குறைய அதே தொனியில் எழுதினார். ஒரு தலைமுறை முழுவதும் இதை நம்பியது. அந்தக் கணக்கில் சிறு வயதினரும் சேர்ந்திருந்தார்கள், எலும்பு விலகாத லேசான முறிவுகளும் சேர்ந்திருந்தன என்பதைப் பின்னால் வந்தவர்கள்தான் சுட்டிக்காட்டினார்கள்.

1997இல் ஒரு சிறிய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. முழுதாக விலகிய 52 முறிவுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கு எலும்பு கூடவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு குறுகிப்போனவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். பத்தாண்டு கழித்து, 2007இல், கனடாவில் எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 132 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. பிளேட், அதாவது எலும்பின் மேல் ஸ்குரூவால் பொருத்தும் உலோகத் தகடு, வைத்துக் கடைசிவரை கவனிக்கப்பட்ட 62 பேரில் இருவருக்கும், தொங்கல் கட்டோடு விட்ட 49 பேரில் ஏழு பேருக்கும் கூடவில்லை. கூடியவர்களிலும் பிளேட் வைத்தவர்களுக்குச் சராசரியாக 16 வாரம், வைக்காதவர்களுக்கு 28 வாரம் ஆனது. இதற்குப் பிறகு உலகம் முழுவதும் பிளேட் வைப்பது பெருகியது. தமிழ்நாட்டிலும் பெருகியது.

ஆனால் அதோடு விவாதம் முடியவில்லை. 2013இல் ஸ்காட்லாந்திலிருந்து 200 பேரை வைத்து வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எலும்பு கூடாமல் போனவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் கை வேலைத்திறனில் வித்தியாசம் இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், ஓராண்டு கழித்துக் கையின் பயன்பாட்டில் அறுவைதான் மேல் என்று சொல்ல முடியவில்லை என்றது.

டாக்டர் இதை நோயாளிக்கு விரல் விட்டுச் சொல்வார். “நல்லா விலகின எலும்பு நூறு பேருக்கு உடைஞ்சா, ஒண்ணுமே செய்யாம விட்டாலும் எண்பத்தஞ்சு பேருக்குப் பக்கம் கூடிடும். நூறு பேருக்கும் கத்தி வெச்சா, அந்தப் பதினஞ்சு பேருல பெரும்பாலானவங்க தப்பிச்சுக்குவாங்க. ஆனா எண்பத்தஞ்சு பேரு தேவையில்லாம கத்திக்குப் போயிருப்பாங்க. நீங்க அந்தப் பதினஞ்சுல ஒருத்தரா இருப்பீங்களான்னுதான் நாம பார்க்கணும்.”

அதை எப்படிப் பார்ப்பது? அவரிடம் சிகிச்சை பெற்ற சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நாற்பதைக் கடந்தவர், மளிகை மண்டியில் வேலை. வலது எலும்பு நடுவில் உடைந்து விலகியிருந்தது.

“மூட்டையை எந்தத் தோள்லண்ணே வைப்பீங்க?”

அவர் இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். உடைந்த இடத்துக்கு நேர் மேலே தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. வருஷக்கணக்கில் மூட்டை உட்கார்ந்த இடம். பிளேட் வைத்தால் அதன் விளிம்பும் ஸ்குரூவின் தலைகளும் அந்தக் காய்ப்புக்கு அடியில் வந்து உட்காரும். காறை எலும்பின் மேல் தோலைத் தவிர மறைப்பு எதுவும் கிடையாது. ஒல்லியானவர்களுக்கு பிளேட்டின் ஸ்குரூக்களைத் தோல் வழியே விரலால் எண்ணிவிடலாம். மூட்டை ஏறும்போதெல்லாம் அது உறுத்தும், கடைசியில் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். வைக்காமல் விடுவதிலும் சிக்கல் இருந்தது. மனிதர் பீடி குடிப்பவர். எடின்பரோவில் 941 பேரை வைத்து 2013இல் வந்த ஆய்வில், எலும்பு கூடாமல் போவதற்கான காரணங்களில் முதலிடத்தில் நின்றது புகைப்பழக்கம்தான்.

டாக்டர் இரண்டையும் அந்தத் தொழிலாளியின் மனைவி முன்னால் சொன்னார். பீடியை விடுவதாக இருந்தால் கட்டோடு பார்க்கலாம், விட முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார். அந்த அம்மா கணவரின் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை அங்கேயே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஆறாவது வாரப் படத்தில் முறிவைச் சுற்றி வெண்மேகம்போலப் புது எலும்பு தெரிந்தது. இப்போது அந்தத் தோளில் ஒரு முண்டு இருக்கிறது, மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார், வேலையில்தான் இருக்கிறார். மனைவி அன்று அப்படிச் செய்திருக்காவிட்டால் முடிவு வேறாகியிருக்கும் என்று டாக்டர் உறுதியாக நம்புகிறார்.

கபடிப் பையன் ஒருவனுக்கு நேர்மாறான முடிவு. பத்தொன்பது வயது, போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் கயிறு ஏற வேண்டும். முழு உடம்பும் இரண்டு தோள்களில் தொங்கும். அவனுடைய எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருந்தது, இடையில் ஒரு சிறு துண்டு குறுக்காகத் திரும்பி நின்றது. தொடவே தொடாத முனைகள், சிதறிய துண்டு, குறுகல் எல்லாம் ஒன்றாக வந்தால் தானாகக் கூடும் வாய்ப்பு குறைகிறது. அவனுக்கு பிளேட் சரி என்று டாக்டரும் நினைத்தார். ஆனால் பையன் கேட்டது வேறு.

“சார், லோரன்சோ ரெண்டே நாள்ல பைக் ஓட்டிட்டார் சார்.”

நடந்த கதைதான். 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஹோர்ஹே லோரன்சோ இடது காறை எலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிரவே பார்சிலோனாவுக்குப் பறந்து டைட்டானியம் பிளேட்டும் எட்டு ஸ்குரூவும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். “அதோட அடுத்த பாகத்தையும் பாரு தம்பி” என்றார் டாக்டர். இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியின் சாக்சன்ரிங் களத்தில் லோரன்சோ மறுபடி விழுந்தார். பிளேட் வளைந்தது. மறுபடி அறுவை. பிளேட் எலும்பைப் பிடித்து வைக்குமே தவிர, எலும்பாக மாறாது. உள்ளே எலும்பு கூடும்வரை அது சுமக்கிறது, அதற்கும் ஒரு எல்லை உண்டு. பையனுக்கு இரண்டு வாரத்தில் சாப்பிட, எழுத, சட்டை போடக் கை வந்தது. கயிறு ஏறவும் கபடிக்கும் படத்தில் எலும்பு கூடியது தெரிந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

சைக்கிள் பந்தய உலகில் இதற்கு எதிர்ப்பக்கக் கதைகளும் இருக்கின்றன. 1956 இத்தாலியப் பந்தயத்தில் காறை எலும்பு உடைந்த ஃபியொரென்சோ மாக்னி, ஹேண்டில்பாரில் கட்டிய ரப்பர் டியூபைப் பல்லால் கடித்து இழுத்தபடி மலையேறி, இரண்டாமிடத்தில் முடித்தார். அந்தக் காட்சியின் புகைப்படத்தை டாக்டர் யாருக்கும் காட்டுவதில்லை. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதை வீரம் என்று நினைக்கிற ஊரில் அதைக் காட்டுவது நல்லதல்ல என்பது அவர் எண்ணம்.

அறுவைக்கு ஒப்புக்கொள்பவர்களிடம் அவர் மறைக்காமல் சொல்லும் விஷயங்கள் சில உண்டு. தழும்புக்குக் கீழே நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போகலாம். எலும்பைக் கடந்து போகும் சிறு நரம்புகள் அறுபடுவதாலோ இழுபடுவதாலோ வருவது அது. பெண்களுக்கு உள்ளாடையின் பட்டையும் மாணவர்களுக்குப் புத்தகப் பையின் பட்டையும் சரியாக பிளேட்டின் மேல்தான் விழும். சீழ் பிடிக்கலாம். பின்னால் பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை வரலாம். துளை போடும் டிரில் எலும்பின் மறுபக்கம் இறங்கினால் அங்கே பெரிய ரத்தக் குழாய் இருக்கிறது. அதனால் எலும்புக்கு அடியில் தடுப்புக் கருவியை வைத்துக்கொண்டு, டிரிலின் சத்தம் மாறும் கணத்துக்குக் காது கொடுத்தபடிதான் துளைப்பார். இத்தனை வருஷமாகியும் அந்தக் கணத்தில் அறுவை அரங்கில் அவர் யாரையும் பேச விடுவதில்லை.

கட்டோடு விடுவதும் சும்மா இருப்பதல்ல. முதல் பத்து நாள் படுத்துத் தூங்க முடியாது. சாய்வு நாற்காலியிலோ முதுகுக்கு மூன்று நான்கு தலையணை கொடுத்தோதான் கண்ணயர முடியும். திரும்பும்போது உள்ளே எலும்பு உரசும் சத்தம் நோயாளிக்கே கேட்கும். பயந்து நள்ளிரவில் போன் செய்வார்கள். மூன்றாவது வாரத்தில் அந்தச் சத்தம் நிற்கும். இரண்டு துண்டும் ஒன்றாக அசையத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. மருந்துக் கடைகளில் தொங்கும், முதுகில் எட்டுப் போல மாட்டும் பட்டையை அவர் எழுதித் தருவதில்லை. சாதாரணத் தொங்கல் கட்டைவிட அது எலும்பை நன்றாகக் கூட்டுவதில்லை, அக்குளை அறுத்து வலியைத்தான் கூட்டுகிறது என்று 1987இலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் ஊரில் அந்தப் பட்டை போடாதவரை வைத்தியம் நடந்ததாகவே நம்ப மாட்டார்கள்.

புத்தூர்க் கட்டைப் பற்றி அவரிடம் கேட்காதவர்கள் இல்லை. ஆந்திராவின் புத்தூரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் பெயர்ப்பலகையாக நிற்கும் வைத்தியம் அது. அவர் அதைத் திட்டுவதில்லை. காறை எலும்பைப் பொறுத்தவரை முட்டையும் மாவும் தடவித் துணி சுற்றினாலும் பெரும்பாலும் கூடிவிடும், ஏனென்றால் கூட்டுவது எலும்பு. அந்தப் பெருமையை நாட்டு வைத்தியர் எடுத்துக்கொள்வதுபோலவே, தேவையில்லாமல் பிளேட் வைத்த மருத்துவரும் எடுத்துக்கொள்கிறார் என்பார். அவர் அஞ்சுவது வேறு இடத்துக்கு: குழந்தையின் முழங்கை முறிவில் இறுக்கிச் சுற்றிய கட்டு. ரத்த ஓட்டம் நின்று விரல்கள் மடங்கிப்போன பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். அதனால் எந்தக் கட்டு யார் போட்டாலும் விரல் நுனியைப் பாருங்கள், நீலம் பாரித்தாலோ மரத்தாலோ பொழுது விடியக் காத்திருக்காதீர்கள் என்று பெற்றோர்களிடம் கெஞ்சுகிறார். பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் சாப்பிடலாமா என்று கேட்பவர்களிடம் சாப்பிடுங்கள் என்கிறார்.

வயதானவர்களுக்கு வேறு அளவுகோல். எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்குத் தோள் முனைப்பக்கம் உடைந்திருந்தது. அங்கே உடைந்தால் கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம், பாட்டிக்கும் கூடவில்லை. மகன் படத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். டாக்டர் பாட்டியிடம் திரும்பி, “ஆத்தா, கொண்டையை அவுத்துப் போட்டுக் காட்டுங்க” என்றார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முடியை முறுக்கி, முகம் சுளிக்காமல் பாட்டி கொண்டை போட்டார். அவருக்கு அறுவை செய்யவில்லை.

தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆறாவது வாரப் பரிசோதனை வேறு விடை சொன்னது. டாக்டர் ஒரு கட்டைவிரலை முறிவின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் முழங்கையை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். விரலுக்கு அடியில் எலும்பு இரண்டாக அசைந்தது. படத்தில் புது எலும்பு இல்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாத அளவுக்கு வலி இருந்தது. எடின்பரோ மருத்துவர்களே பின்னால் சொன்ன மூன்று அடையாளங்கள் இவை: ஆறு வாரத்தில் அசைவு, புது எலும்பு இன்மை, குறையாத வலியும் முடக்கமும். மூன்றும் இல்லாதவர்களுக்கு எலும்பு கூடாமல் போவது மிக அரிது. இரண்டு இருந்தால் பாதிப் பேருக்கு மேல் எலும்பு கூடாமல் போகிறது. அந்தப் பெண்ணுக்கு இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைத்து பிளேட் பொருத்தினார். எலும்பு கூடியது, கடையும் திறந்தது. காத்திருந்ததால் எதையோ இழந்துவிட்டோமோ என்று அவர் கணவர் கேட்டார். சில வாரச் சம்பாத்தியத்தை இழந்தார்கள் என்பது உண்மை. கையை இழக்கவில்லை.

முடிவைச் சாய்க்கும் இன்னொரு கையும் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பிளேட் வைத்தால் செலவு காப்பீட்டில் போய்விடும். தொங்கல் கட்டும் இரண்டு மூன்று எக்ஸ்ரேயும் கைக்காசு. அதனால் ‘இன்சூரன்ஸ்தான் இருக்கே, வெச்சிருங்க சார்’ என்று சொல்லும் குடும்பங்களை அவர் அடிக்கடி பார்க்கிறார். காப்பீடு இருப்பது கத்தி வைக்கக் காரணம் ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார். சிலர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள், பரவாயில்லை என்பார்.

காறை எலும்பு உடைந்தவர் வீட்டாரிடம் அவர் கேட்டுக்கொள்வது இதுதான். விழுந்த அன்று இரவே முடிவெடுக்காதீர்கள். தோல் கிழியாமல், கை விரலில் உணர்வும் நாடியும் நன்றாக இருந்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கிறது. இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். எலும்பு எவ்வளவு குறுகியிருக்கிறது, முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, சிதறல் உண்டா என்று கேளுங்கள். உங்கள் வேலை என்ன என்பதை மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பீடி சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். கட்டோடு வீட்டுக்குப் போனாலும், வலி போய்விட்டதென்று ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.